போட்டியின்றி

ஆகஸ்ட் 11, செவ்வாய்

காலையில் என் மாவு மில்லில் பெல்ட் கழன்றது. மாட்டி ஓட்டினால் மறுபடியும் கழன்றது. கோதுமை டின்னோடு நின்றவர்கள் வாயில் ஒரே பேச்சுதான், தண்ணீர்க் குழாய். புதுத் தொட்டி கட்டி முடித்து, வரிசையாகக் குழாய் பதித்துக்கொண்டு வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு மாட்டுக்கொட்டகை வரைக்கும் வந்தது, அதோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருக்கிற மூன்று தெருவும் நாங்கள். அவர் மாடுகள் குழாய்த் தண்ணீர் குடிக்கின்றன. நான் மில்லைப் பூட்டிவிட்டுக் குடத்தோடு வயல் பம்ப்செட்டுக்கு நடக்கிறேன்.

சைக்கிள் கடை அண்ணன் சொன்னார்: “தலைவரை நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும் தங்கச்சி.”

“கேளுங்களேன் அண்ணே.”

“கேக்கத்தான் போறேன்.”

மாவை வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். வெயில் காலத்திலிருந்து கேட்கத்தான் போகிறார்.

ஆகஸ்ட் 13

நானே போய்க் கேட்டுவிட்டேன்.

தலைவர் வராந்தாவில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் மூத்தார். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவருடைய அண்ணன், அந்த வீட்டு வராந்தாவே கதி என்று கிடப்பவர். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

“மேல இருந்து பணம் வரலம்மா,” என்றார் தலைவர்.

“மாட்டுக்கொட்டகை வரைக்கும் வந்துச்சே.”

மூத்தார் தொண்டையைச் செருமினார். தலைவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்தார்.

“ஏம்மா, நீ ஓட்டுப் போட்டா நான் இங்க உக்காந்திருக்கேன்? யார் ஓட்டும் இல்லாம வந்தவன்மா நான். மூணு தடவையும்.”

சொல்லிவிட்டுக் கையிலிருந்த கடலைத் தோலை ஊதினார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் களத்துக் கொட்டகையில் ஆம்பளைகள் கூடுவார்கள். இன்னார்தான் தலைவர் என்று பேசி முடிப்பார்கள். வேறு யாரும் மனு போடக் கூடாது. ஒரே ஒரு ஆள் மனு போட்டால் ஓட்டெடுப்பு எதற்கு? ‘போட்டியின்றித் தேர்வு’ என்று பேப்பரில் இரண்டு வரி வரும். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தலைவர் பதவிக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. பெரிய தேர்தலுக்கு மட்டும் பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையில் நிற்கிறோம், முகம் தெரியாத ஆளுக்குப் போட. முகம் தெரிந்த ஆளுக்கு ஓட்டே கிடையாது.

ஆகஸ்ட் 14

நேற்று அவர் ஊதிய தோல் பறந்து வந்து என் புடவையில் ஒட்டியது. தட்டிவிட்டேன். இன்னும் ஒட்டியிருக்கிற மாதிரியே இருக்கிறது.

செப்டம்பர் 6, ஞாயிறு

தேர்தல் தேதி வந்துவிட்டது. இன்று கொட்டகையில் கூட்டம். இவரும் போனார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“முடிஞ்சிருச்சு.”

“என்ன முடிஞ்சிருச்சு?”

“அதான், அவரே மறுபடியும். ஊர் ஒத்துமையா முடிவு பண்ணியாச்சு.”

“ஊர்னா யாருங்க?”

“ஊர்னா ஊர்தான்.”

“பொம்பளைங்க யாராவது இருந்தாங்களா?”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு வியர்வை ஒன்றுமில்லை.

“டீ குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

டீ குடித்துவிட்டு என் ஓட்டையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லியும் விட்டேன். முறைத்தார்.

மகளுக்கு இந்த வருஷம்தான் வாக்காளர் அட்டை வந்தது. டவுனில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். “அப்போ எனக்கு ஓட்டு இல்லையா? போட்டோகூட திருடி மாதிரி எடுத்துக் குடுத்தாங்களே,” என்று சிரித்துவிட்டு போனைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு அது அதோடு போயிற்று. எனக்குப் போகமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 9

மில் சல்லடை வாங்க டவுனுக்குப் போனவள் வட்டார அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டேன். தலைவர் பதவிக்கு மனு போட என்ன வேண்டும் என்று கேட்டேன். அங்கே இருந்த குமாஸ்தா என் பின்னால் எட்டிப் பார்த்தார். “யாருக்கும்மா?” “எனக்குத்தான்.” “வீட்டுக்காரர் வரலையா?”

இருபத்தொரு வயது முடிந்து, அட்டை இருக்கிற யார் வேண்டுமானாலும் நிற்கலாமாம். ஊரில் ஓட்டு உள்ள ஒருத்தர் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். இவ்வளவுதானா? இத்தனை வருஷமாக இவ்வளவுதானா?

செப்டம்பர் 12

ஒரு கையெழுத்து. மூன்று தெருவில் ஒரு கையெழுத்துக் கிடைக்கவில்லை.

முதலில் சைக்கிள் கடை அண்ணனிடம் போனேன். அவர்தானே நாலு கேள்வி கேட்கப் போகிறவர். தாளைப் பார்த்தார். “கை எல்லாம் கிரீஸா இருக்கு தங்கச்சி,” என்றார். கழுவிக்கொண்டு வாருங்கள், நிற்கிறேன் என்றேன். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். நகக்கண் ஒவ்வொன்றாகத் தோண்டினார். நானும் நின்றேன். கடைசியில் சுத்தமான கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கும்மா.”

எனக்கு மட்டும் பிள்ளை இல்லையா?

எதிர்வீட்டுக்காரி வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறாளாம். கோடி வீட்டில் கதவு திறந்திருந்தது, உள்ளே டி.வி. ஓடியது, கூப்பிட்டால் ஆளில்லை. பம்ப்செட்டில் என் கூடவே குடத்தோடு நின்று தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டியவள் சொல்கிறாள், “உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

தலைவர் மேல் இருக்கிற கோபத்தைவிட இவர்கள் மேல்தான் இப்போது அதிகம். அவராவது முகத்துக்கு நேராக ஊதினார்.

செப்டம்பர் 13

ரேடியோ அக்கா போட்டாள்.

அவள் வாய் ஓயாது. மில் சத்தத்திலும் பேசிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு ஊர் வைத்த பேர்தான் ரேடியோ. கணவர் செத்த நாளிலிருந்து தனியாக இருக்கிறாள், இரண்டு ஆட்டோடு. அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளாக வந்தாள்.

“கையெழுத்து வேணுமாமே. என்னைய ஏன் கேக்கல?”

“உனக்கு எதுக்குக்கா வம்பு.”

“நான் பேசறத இந்த ஊர்ல எவனும் காதுல வாங்கினதில்ல. எழுதியாவது குடுக்கறேன், படிக்கட்டும்.”

மாவு மூட்டை மேல் தாளை வைத்து முழுப் பேரையும் எழுத்துக் கூட்டி எழுதினாள். எழுதும்போது மட்டும் பேசவில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

மனு கொடுத்தாயிற்று. பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. இவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“கொட்டகைல கை தூக்கறப்போ நீங்க என்கிட்ட சொன்னீங்களா?”

இவர் ஓட்டுகிற அறுவடை மெஷின் தலைவருடைய தம்பியுடையது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தேன். அதற்காகக் கொடுக்காமல் இருந்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது.

செப்டம்பர் 16

மில்லுக்கு ஒருத்தரும் வரவில்லை. பக்கத்து ஊர் மில்லுக்குப் போகிறார்கள். என் வாசல் வழியாகத்தான் டின்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். சைக்கிள் கடை அண்ணன் மட்டும் குனியவில்லை, சுற்றுவழியில் போகிறார்.

செப்டம்பர் 17

இவரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மெஷின் சாவியை வாங்கிக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்து கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மில் ஓரமாகக் காலி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“நீ ஜெயிக்கப் போறியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“அவர் வந்து கேக்கணும்ங்க. என் வாசல்ல வந்து நின்னு, எனக்கு ஓட்டுப் போடும்மான்னு கேக்கணும். நான் போடலாம், போடாம இருக்கலாம். ஆனா அவர் கேக்கணும்.”

“இதுக்கா என் வேலை போச்சு?”

“இதுக்குத்தான்.”

பைத்தியம் என்றார். இருக்கலாம். மகளும் என்னோடு பேசுவதில்லை. பஸ்ஸில் பசங்கள் ‘தலைவரம்மா பொண்ணு’ என்கிறார்களாம், அவமானமாக இருக்கிறதாம். அவமானம் என்றால் என்னவென்று நான் சொல்லித் தரவா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அழுதாள்.

செப்டம்பர் 19, சனி

மனுவை வாபஸ் வாங்க இன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்குள் வாங்க வேண்டும். மத்தியானம் மில் வாசலில் கார் வந்து நின்றது. மூத்தாரும் இன்னும் இரண்டு பேரும். இவர் வேலை தேடி வெளியூர் போயிருந்தார். அது தெரிந்துதான் வந்திருக்கிறார்கள்.

“ஏறும்மா கார்ல. போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துரலாம். குடும்ப மானம் போகுது.”

“வரமாட்டேன் மாமா.”

“ஒரு பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது.”

மூன்று பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மோட்டார் பக்கம் நகர்ந்தேன். பயம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பயமும்தான். என்ன செய்வதென்று தெரியாமல் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். மில் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மூத்தார் வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் இன்னும் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

வெறும் கல் ஓடினால் கெட்டுப் போகும். வீட்டுக்கு அரைக்க வைத்திருந்த காய்ந்த மிளகாய் மூலையில் இருந்தது. எடுத்துக் கொட்டினேன். மொத்தத்தையும். புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டேன். எனக்குப் பழக்கம்.

கூட வந்த இரண்டு பேரில் கார் ஓட்டியவர் முதலில் தும்மினார். அப்புறம் மூன்று பேருமே. மூத்தார் கண்ணைக் கசக்கினார், கையில் தூள் இருந்ததோ என்னவோ, அதோடு தீர்ந்தது. ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். கார் கதவைச் சாத்தியது தெரிந்தது, கேட்கவில்லை.

மணி மூன்று தாண்டும் வரை மில்லை நிறுத்தவில்லை. நிறுத்தின பிறகு உட்கார்ந்து அழுதேன். மிளகாயால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 21

சின்னம் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சீப்பு. தலைவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. ஊரே சிரிக்கிறது. ரேடியோ அக்கா வீடு வீடாகப் போய், “அவருக்கு உபயோகமில்லாத சின்னம், நமக்குத்தான்,” என்கிறாளாம். யாரோ ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாளாம். கதவைச் சாத்திக்கொண்டாவது சிரிக்கட்டும்.

செப்டம்பர் 24

வந்தார்.

எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் செருப்பைச் சகதியில் வைக்கத் தெரியாமல் வைத்து நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் கும்பிடு. எதிர்வீட்டுக்காரி வேண்டுமென்றே உள்ளே போய் மெதுவாகக் கை துடைத்துக்கொண்டு வந்தாள், அதுவரை அவர் நின்றார். நின்றார்! சைக்கிள் கடை அண்ணன் கேட்டே விட்டார், “குழாய் எப்பங்க வரும்?” “வந்துரும்ப்பா,” என்றார் தலைவர். நாலு கேள்வி இல்லை, ஒரு கேள்விதான். போகட்டும்.

மில்லுக்கும் வந்தார். கும்பிட்டார். “உன் ஓட்டையும் எனக்கே போட்ரும்மா,” என்றார், தமாஷ் மாதிரி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கண் சிரிக்கவில்லை.

எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்: “கேட்டீங்க இல்ல, அது போதும்.”

செப்டம்பர் 26

காலையில் லாரியில் குழாய் வந்து இறங்கியது. நீலக் குழாய், மூன்று தெருவுக்கும் போதுகிற அளவு. மேல இருந்து பணம் வந்துவிட்டதாம், இரண்டே நாளில்.

சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. பற்றி எரிகிறது. அப்படியென்றால் இவ்வளவு நாளும் அது எங்கே இருந்தது? யாரும் கேட்கவில்லை. பள்ளம் தோண்டுகிறவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பம்ப்செட்டில் என்னோடு நின்றவள் சொல்கிறாள், “என்ன இருந்தாலும் மனுஷன் சொன்னதச் செஞ்சிட்டார்.” எல்லா ஓட்டும் அவருக்குத்தான் போகும், நன்றிக்கு. அவரைப் பயமுறுத்தினது யாரென்று ஒருத்தருக்காவது தோன்றியதா?

ரேடியோ அக்காவிடம் கத்தினேன். அவள் என்னைக் கத்தி முடிக்க விட்டாள். அப்புறம், “தண்ணி வருதுல்ல,” என்றாள்.

வருகிறது. தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

ஓட்டுப் பதிவு.

பள்ளிக்கூடத்தில் வரிசை வெளியே மரம் வரைக்கும் நின்றது. பெரிய தேர்தலுக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். நடக்க முடியாத ஒருத்தரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மூத்தார் கண் இன்னும் சிவப்பாக இருக்கிற மாதிரி பட்டது, அது என் ஆசையாகவும் இருக்கலாம். மகள் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு முன்னால் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போவதற்கு முன்னால் மட்டும், “சீட்டை எப்படிம்மா மடிக்கணும்? மை மறுபக்கம் ஒட்டிருமா?” என்றாள். நீளவாக்கில் மடி என்றேன். பல நாளைக்குப் பிறகு பேசிய பேச்சு.

என் சீட்டை விரித்தபோது என் பேரைப் பார்த்தேன். அச்சில். முத்திரையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே இருந்த அதிகாரி, “சீக்கிரம்மா,” என்றார். இருங்க என்றேன்.

இவர் ஆண்கள் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தார். யாருக்கென்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 7

தோற்றுவிட்டேன். அவருக்கு ஐந்நூற்றுச் சொச்சம். எனக்கு நூற்று எழுபத்து நான்கு.

நூற்று எழுபத்து நான்கா? பத்துத் தேறினால் பெரிது என்று நினைத்தேன். யார் இவர்கள்? ஒரு கையெழுத்துக்குத் தெருத்தெருவாக அலைந்தேனே, அப்போது எங்கே இருந்தார்கள்? ஒளிந்துகொண்டு போட்டிருக்கிறார்கள். கோபப்படுவதா அழுவதா தெரியவில்லை.

தலைவர் மாலையோடு ஊர்வலம் போனார். எங்கள் தெருவிலும் வந்தார். சகதியில் இப்போது நன்றாக நடக்கிறார்.

அக்டோபர் 15

மில்லுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி டின்னை வைக்கிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். நீயா? நீயா? ஒருத்தரும் பிடி கொடுக்கவில்லை. சைக்கிள் கடை அண்ணன் வந்தார். அவர் கோதுமையைக் கடைசியில்தான் அரைத்தேன். காத்திருந்தார்.

இவருக்குத் தூரத்து டவுனில் லாரி வேலை கிடைத்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மூட்டை கட்டும்போது, “உனக்கு வேண்டியது கெடச்சுதா?” என்றார். குத்தலாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா? பஸ் போனபிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்த வீட்டில் அவர் சட்டை மாட்டுகிற ஆணி காலியாக இருக்கிறது. அதற்கு யாரைத் திட்டுவது?

பிப்ரவரி 9, செவ்வாய்

நாலு மாதமாக எழுதவில்லை. எழுதும் அளவுக்கு இன்று நடந்தது.

பால் சங்கத்துக்கு நிர்வாகி தேர்தல் வருகிறது. எங்களிடம் ஒரு மாடு இருக்கிறது, நானும் அங்கே உறுப்பினர்தான். அந்தப் பதவியும் எப்போதும் கொட்டகையிலேயே முடிந்துவிடும், தலைவர் வீட்டு ஆளுக்கு. இந்தத் தடவையும் முடித்துவிட்டார்கள், தலைவர் மருமகனுக்கு. மூத்தாருக்கு அது தருவதாக முன்னாலேயே வாக்குக் கொடுத்திருந்தார்களாம்.

மில் வாசலில் மூத்தார் நின்றார். உள்ளே வரவில்லை. மிளகாய் அரைக்கிறேனா என்று எட்டிப் பார்த்தார். சோளம்தான். மோட்டாரை நிறுத்தினேன்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.” கொஞ்ச நேரம் தூணைத் தடவினார். “இந்த மனு… அத எப்படி எழுதணும்? உனக்குத் தெரியுமே.”

“யாரு நிக்கிறா?”

“நான்தான்.”

“ஊர் ஒத்துமையா முடிவு பண்ணியாச்சுன்னு சொன்னாங்களே.”

அவர் முகம் போன போக்கு. வேறு யாரானாலும் விட்டிருப்பேன். இவரை விடவில்லை. இன்னும் இரண்டு மூன்று கேட்டேன், குடும்ப மானத்தையும் சேர்த்து. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

“முன்மொழிய ஆள் இருக்கா?”

“ரெண்டு பேரு வரேன்னாங்க.” தரையைப் பார்த்தார். “காலைல போனேன். ஒருத்தன் வீட்ல இல்ல. இன்னொருத்தன் யோசிச்சு சொல்றேங்கறான்.”

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இந்த ஆளைப் பார்த்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. இவர் ஜெயித்தால் நல்லது செய்வார் என்று நான் நம்பவும் இல்லை. என் ஓட்டு இவருக்கா என்பதும் தெரியாது, அதை அவரிடமே சொன்னேன்.

“ஓட்டு அப்புறம் பாத்துக்கலாம்மா. கையெழுத்து?”

தாளை வாங்கினேன். அவர் பேரைத் தப்பாக எழுதி வைத்திருந்தார், பதற்றத்தில். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் நானே எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

நாளைக்குப் பத்து மணி பஸ்ஸில் அவரோடு சங்க ஆபீசுக்குப் போக வேண்டும், முன்மொழிகிறவரும் நேரில் வர வேண்டுமாம். பக்கத்தில் உட்காரமாட்டேன், முன்னால் உட்காருவேன். மில்லை ரேடியோ அக்கா பார்த்துக்கொள்வாள்.